வலென்சியாவைச் சுற்றியுள்ள ஆற்றுச் சமவெளியில் நடக்க எந்த வழி நல்லது?

கேள்வியின் சாரம்: ஸ்பெயினின் வலென்சியா நகருக்குப் போகும்போது, அதைச் சூழ்ந்திருக்கும் விளைநிலச் சமவெளியில் ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, எந்த மாதம் ஏற்றது, எதில் கவனம் தேவை?

நகருக்கு வடக்கே அல்போராயாவில் தொடங்கி எல் புச் ஊரில் முடியுங்கள். நேர்வழியில் ஏறக்குறைய 11 கி.மீ. நான் சொல்கிறபடி வாய்க்கால் பாதைகளில் வளைந்து போனால் 15 கி.மீ. வரை வரும். ஏற்ற இறக்கமே இல்லை. நின்று பார்த்துப் போக 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முடியாமல் போனாலும் கவலையில்லை. வழியில் உள்ள அல்மாசெரா, மெலியானா, ஃபோயோஸ், அல்பலாத், முசேரோஸ், மசமக்ரேல் எல்லா ஊரிலும் மெட்ரோ 3ஆம் தடத்தின் நிலையம் உண்டு. எங்கிருந்தும் நகருக்குத் திரும்பிவிடலாம்.

இது டூரியா ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். வலென்சியாக்காரர்கள் இதை 'ஓர்த்தா' என்பார்கள். மலை, அருவி, காட்சிமுனை எதுவும் கிடையாது. உச்சியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இரண்டு மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். இங்கே பார்க்க வேண்டியது தண்ணீர்: ஆற்றிலிருந்து பிரிந்து, கிளைத்து, கடைமடை வயல்வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பது. பல நூற்றாண்டாக நடக்கும் இந்தப் பாசன முறைக்காகத்தான் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் இந்தச் சமவெளியை உலக வேளாண் பாரம்பரிய அமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆகவே நடையையும் தண்ணீரை ஒட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வழிகாட்டிகள் 'வியா சுர்ரா'வில் மட்டும் நடக்கச் சொல்லும். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியது அது. வலென்சியா விளிம்பிலிருந்து புசோல் வரை 15 கி.மீ. அளவுக்குப் போகிறது. வழி தவறாது என்பது அதன் நன்மை. ஆனால் நாள் முழுக்க அதிலேயே நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதை நேர்கோடாகப் போவதால் வாய்க்கால்களைக் குறுக்கே கடக்கிறது, கூடவே போவதில்லை. வார இறுதியில் சைக்கிள்கள் வேகமாக வரும்; இருவர் மூவராகப் பரவி நடக்க முடியாது. அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அல்போராயாவுக்கும் ஃபோயோஸுக்கும் இடையில் மட்டுமாவது இறங்கி வயல் பாதைகளில் நடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளுங்கள். நிலம் மிகச் செழிப்பாக இருப்பதும் வாய்க்கால்கள் நெருக்கமாக ஓடுவதும் அந்தப் பகுதியில்தான்.

வயல் பாதைகளில் ஒரு சிக்கல் உண்டு. வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தெரியும் பாதை, கடலோரமாகப் போகும் வி-21 நெடுஞ்சாலையிலோ புறநகர் ரயில் பாதையிலோ முட்டி நின்றுவிடும். இவற்றைப் பாலம் அல்லது சுரங்கப்பாதை உள்ள இடத்தில் மட்டுமே கடக்க முடியும். அதனால் கடல் பக்கம் திரும்புவதற்கு முன் கடக்கும் இடம் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஏதாவது செயலியில் அந்தப் பகுதியை முன்கூட்டியே தரவிறக்கி வைத்தால் போதும். வடக்கே போகும்போது கடல் எப்போதும் உங்கள் வலக்கை பக்கம். அது ஒன்றே திசை தவறாமல் காக்கும்.

இனி தண்ணீர். நகருக்கு மேற்கே, மனீசெஸ், பத்தேர்னா பக்கம் டூரியாவின் குறுக்கே சிறு சிறு தடுப்பணைகள் கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தாய் வாய்க்காலைப் பிரித்திருக்கிறார்கள். ஆற்று நீரை மரபாக 138 பங்காகக் கணக்கிட்டார்கள். அதில் 48 பங்கு வடக்கே புசோல் வரை போகும் மொன்காதா வாய்க்காலுக்கு. அல்போராயாவுக்குப் பாயும் ராஸ்கான்யாவுக்கு 14. பங்கு என்பது இத்தனை லிட்டர் என்ற நிலையான அளவு இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும். வறட்சியின் சுமை கடைமடைக்காரன் தலையில் மட்டும் விழாமல் தடுப்பது இந்த விகிதக் கணக்குதான்.

இதைக் கண்ணால் பார்க்க, வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நில்லுங்கள். கதவு இருக்காது, சக்கரம் இருக்காது. ஓடையின் நடுவில் கூர்முனையோடு ஒரு கல் கட்டுமானம் நிற்கும். நாக்கு என்றே அதற்குப் பெயர். கூர்முனை எந்த இடத்தில் நிற்கிறதோ, அதற்கேற்ப இரு பக்கத்துக்கும் அகலம் கிடைக்கிறது. அந்த அகலம்தான் பங்கு. இது சரியாக வேலை செய்ய வேண்டுமானால் நாக்குக்கு மேற்பகுதியில் வாய்க்கால் நேராகவும் அடித்தளம் மட்டமாகவும் இருக்க வேண்டும். வளைவில் வைத்தால் தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்கி ஒருவருக்குக் கூடிவிடும். ஒரு பக்கம் மட்டும் வண்டல் படிந்தாலும் அதே கதை. வாய்க்காலைத் தூர்வாருவதை இவர்கள் அவ்வளவு கறாராகப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். கீழே வயலுக்குப் போகும் சிறு கிளைகளில்தான் பலகையோ இரும்புத் தகடோ கொண்ட மடைகள் இருக்கும். முறை வந்தவர் திறப்பார், முறை முடிந்ததும் அடைப்பார். வேடிக்கைக்காகக்கூட அவற்றைத் தொடாதீர்கள். ஒருவருடைய முறைத் தண்ணீர் வீணாகப் போய்விடும்.

முறை தவறினால் என்ன ஆகும் என்பதை நகரிலேயே பார்க்கலாம். வியாழன்தோறும் பகல் 12 மணிக்கு வலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக உட்காருவார்கள். காவலர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று உரக்க அழைப்பார். விசாரணை முழுக்க வாய்மொழிதான், தீர்ப்பு அங்கேயே. எதிர்மனுதாரர் எந்த வாய்க்காலைச் சேர்ந்தவரோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இது. வழக்கே இல்லாத வாரங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே 11.45க்குள் போய் இடம் பிடியுங்கள். வியாழக்கிழமை நடக்கப் போகிறவர்கள் காலையில் அல்போராயாவிலிருந்து நகரை நோக்கி 2 மணி நேரம் நடந்து இதைப் பார்த்துவிட்டு, மெட்ரோவில் திரும்பி மீதியை முடிக்கலாம். வெயில் குறைந்த மாதங்களில் மட்டும் இது சரிப்படும்.

மாதம் என்றால் அக்டோபர் பிற்பகுதியிலிருந்து மே தொடக்கம் வரை. பாதையில் நிழல் கிடையாது, அதுதான் பெரிய குறை. ஜூலை, ஆகஸ்டில் கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். போயே ஆக வேண்டும் என்றால் விடியற்காலை கிளம்பி 11 மணிக்குள் முடியுங்கள். குளிர்காலத்தில் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் எல்லாம் வரிசை வரிசையாக நிற்கும். டிசம்பரில் சூரியன் காலை 8.15 வாக்கில்தான் உதிக்கும், மாலை 5.45க்குள் மறைந்துவிடும். மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயாஸ் திருவிழா; தங்குமிடம் கிடைப்பது கடினம், வாடகையும் ஏறும்.

கோடையில் போவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டென்றால் அது சூஃபா பயிர். நம் ஊர் கோரைக்கிழங்கின் நெருங்கிய உறவு இது. ஆனால் கிழங்கு இனிப்பானது. ஏப்ரல், மே மாதங்களில் மணல் கலந்த நிலத்தில் பார் கட்டி நடுவார்கள். ஆகஸ்டில் வயல் முழுக்க இடுப்பளவுக்குக் கீழே அடர்ந்த புல்வெளியாகத் தெரியும். நவம்பருக்குமேல் மேல்தழை காய்ந்த பிறகு அறுவடை. கிழங்கைக் கழுவி, காற்றோட்டமான மாடியில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு மூன்று மாதம்போல் காயவைப்பார்கள். கிளறத் தவறினால் பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து எடுக்கும் பால்தான் ஓர்ச்சாத்தா. 250 கிராம் கிழங்குக்கு 1 லிட்டர் தண்ணீர் என்பது பழக்கமான அளவு. அல்போராயாவில் கடைக்குக் கடை கிடைக்கும், ஃபார்த்தோன் என்ற நீள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். சர்க்கரை அதிகம் போடுவார்கள்; வேண்டாமென்றால் 'சின் அசூக்கார்' என்று கேளுங்கள். சூடாக்காத பானம் என்பதால் சீக்கிரம் கெட்டுவிடும். புட்டியில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டாம், அங்கேயே குடித்துவிடுங்கள்.

காலைச் சாப்பாட்டை அல்மாசெராவிலோ மெலியானாவிலோ 9.30லிருந்து 11 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் நடுக்காலையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் இங்கே வலுவாக உண்டு: நீள ரொட்டிக்குள் ஏதாவது வைத்தது, வேர்க்கடலை, ஆலிவ், கடைசியில் காபி. அந்த நேரத்தில் எந்தச் சிறு உணவகத்திலும் கிடைக்கும். இறைச்சி வேண்டாதவர்கள் உருளைக்கிழங்கு முட்டை அடை வைத்ததைக் கேட்கலாம். 'காய்கறி' என்று மட்டும் சொன்னால் சூரை மீனோ பன்றி இறைச்சித் துண்டோ சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்' என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாடு 2 மணிக்கு முன் கிடைப்பது அரிது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், ஊர்ச் சதுக்கங்களின் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். வாய்க்கால் நீரில் உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். கை கழுவக்கூட வேண்டாம்.

கனமான மலையேற்றக் காலணி தேவையில்லை, ஓட்டக் காலணி போதும். தார்ப்பாதைகள் ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரில் டிராக்டர் வந்தால் ஓரமாக ஒதுங்கத் தோன்றும். அங்கேதான் ஆபத்து: ஓரத்தில் நாணல் மண்டியிருந்தால் வாய்க்காலின் விளிம்பு தெரியாது, கால் நேரே உள்ளே போய்விடும். முன்கூட்டியே வயல் நுழைவாயில் போன்ற அகலமான இடம் பார்த்து நின்றுகொள்ளுங்கள். வரப்பில் ஏறாதீர்கள், பாசனம் முடிந்த வரப்பு இளகி உடைந்துவிடும். கேட்பாரற்று விழுந்து கிடப்பதுபோல் தெரிந்தாலும் ஆரஞ்சையோ கூனைப்பூவையோ எடுக்காதீர்கள், விளைச்சல் திருட்டால் நொந்துபோயிருக்கிறார்கள் இவ்வூர் விவசாயிகள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கராய்ஷெத். அல்போராயாவுக்கும் அல்மாசெராவுக்கும் இடையே குறுக்கிடும் காட்டாற்று ஓடை. வருடத்தின் பெரும்பகுதி வறண்டு, அகலமான மண்சாலைபோலக் கிடக்கும். குறுக்கு வழியாகப் பயன்படுத்த மனம் இழுக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதன் படுகையில் இறங்கவே கூடாது. இந்தக் கடலோரத்தில் இலையுதிர்கால மழை மலையடிவாரத்தில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். வெள்ளம் சமவெளிக்கு வரும்போது உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழைகூட இல்லாமல் இருக்கலாம். 2024 அக்டோபர் 29 அன்று நகருக்குத் தெற்கே பைபோர்த்தா ஊரை அழித்த வெள்ளம் அப்படித்தான் வந்தது. அங்கே அன்று பெரிய மழை இல்லை. பொயோ ஓடை மேலே பெய்ததையெல்லாம் சுமந்து வந்தது; வலென்சியா மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் முந்தைய மாலையும் கிளம்பும் காலையும் ஸ்பெயின் வானிலை நிறுவனமான ஆயெமெத் தளத்தைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். கைப்பேசியில் அவசர ஒலி எழுந்தால் ஊருக்குள் போய் மாடி ஏறிவிடுங்கள், நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குப் போகவே கூடாது. அவசர எண் 112.

ஃபோயோஸுக்குப் பிறகு வியா சுர்ராவிலேயே தொடரலாம். மசமக்ரேலைத் தாண்டினால் காய்கறி குறைந்து ஆரஞ்சுத் தோப்புகள் கூடும். கடைசி 2, 3 கி.மீ.யில் எல் புச் குன்றும் அதனருகே நாற்புறமும் கோபுரம் வைத்த மடாலயமும் கண்ணில் பட ஆரம்பிக்கும். 1237இல் இங்கே நடந்த போரில் வென்ற பிறகுதான் அரகோன் மன்னர் முதலாம் ஹைமேவின் படை அடுத்த ஆண்டு வலென்சியாவைப் பிடித்தது.

திரும்புவதற்கு மெட்ரோ கிடையாது, அது இந்த ஊருக்கு வராது. எல் புச்சிலிருந்து சி-6 புறநகர் ரயிலில் ஏறி வலென்சியா நோர்த் நிலையத்தில் இறங்குங்கள். மெட்ரோவுக்கு எடுக்கும் சூமா அட்டையை எறிந்துவிட வேண்டாம், வெளியேறும் கதவிலும் அதைக் காட்ட வேண்டும். ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரண்டிலும் வண்டிகள் இடைவெளி விட்டே ஓடும் என்பதால், மடாலயத்துக்குள் நுழைவதற்கு முன்பே அடுத்த ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.