பட்டை போட்ட அந்தக் குட்டி திமிங்கலச் சுறா இல்லை

பாம்பனில் நண்டு வலையில் ஒரு சாண் நீளக் குட்டி சிக்கியது, உடம்பில் கறுப்புப் பட்டை, திமிங்கலச் சுறாக் குட்டியா, வழக்கு வருமா என்று கேட்டிருந்தீர்கள். பயம் வேண்டாம் தம்பி. 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் திமிங்கலச் சுறாவுக்கு வெள்ளைப் புள்ளிகள், பிறக்கும்போதே சுமார் அரை மீட்டர் இருக்கும். இது பெரும்பாலும் மூங்கில் சுறா. மன்னார் வளைகுடாவில் கரையோரத் தரையிலும் பாறை இடுக்கிலும் கிடக்கிற சாது, வளர்ந்தாலும் முக்கால் மீட்டர்தான், அதற்குள் பட்டையும் மங்கிவிடும். மூக்கோரம் இரண்டு குட்டி மீசை இருக்கிறதா பாருங்கள். முட்டையிடும் இனம், முட்டை பழுப்புப் பை மாதிரி இருக்கும். நீந்தாமல் கிடந்தபடியே மூச்சு விடுவதால் வாளியில் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்காகக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், செத்துவிடும்! சீக்கிரம் கடலில் விட்டுவிடுங்கள்.