காலி ஹாலில் பேசினால் குரல் ஏன் முழங்குகிறது?

தர்மபுரியில் புது வீட்டுக்கு மாறியிருக்கிறீர்கள். காலி ஹாலில் பேசினால் குரல் முழங்குகிறது, சாமான் வந்தால் சரியாகுமா என்பது கேள்வி. பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைத் தொட்டுத் திரும்ப 0.03 நொடி போதும். எதிரொலியைக் காது தனியாகப் பிரித்துக் கேட்க ஏறத்தாழ 0.1 நொடி இடைவெளி வேண்டும். அதனால் நீங்கள் கேட்பது எதிரொலி அல்ல; சுவருக்குச் சுவர் மோதி ஒன்றன்மேல் ஒன்று விழும் ஒலிகளின் முழக்கம். நம் பக்கம் கிரானைட் எளிதாகக் கிடைக்கிறதே என்று தரை முழுக்கப் போட்டுவிடுகிறோம். பாலிஷ் போட்ட கல் ஒலியைக் குடிக்காது, அப்படியே திருப்பி அனுப்பும்.

கல்யாண மண்டபத்தில் கவனித்திருப்பீர்கள். காலையில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றால் கடைசி எழுத்து இழுத்துக்கொண்டே போகும். பட்டுச்சேலையும் வேட்டியுமாகக் கூட்டம் நிறைந்த பிறகு அதே மைக் தெளிவாகிவிடும். உடையும் உடம்பும் ஒலியைக் குடித்துவிடுகின்றன. 1895 வாக்கில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து வைத்து இதைத்தான் அளந்தார்.

சரி, உங்களுக்கு? மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை, துணி சோபா, ஒரு ஜமக்காளம். மெல்லிய திரை வீண்செலவு. அப்புறம், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரின் 'தும் தும்' இதற்கெல்லாம் அடங்காது. அது சுவர் வழியாகவே வருகிறது.