மலையில் ரிசார்ட், சென்னையில் சிபாரிசு: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: பெருமாள்மலையில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் ஊற்றுக்கு மேலே ஒரு ரிசார்ட் கட்டுகிறார்கள். விதியில் இடமில்லை என்று முதலில் மறுத்த அதிகாரிகள், இப்போது அரசே விலக்கு கொடுத்துவிட்டது என்கிறார்கள். எம்.எல்.ஏ.வுக்கு வேண்டிய ஒருவர்தான் சென்னையில் முடித்துக் கொடுத்தாராம். என் வீட்டு அப்ரூவலையும் அப்படியே வாங்கித் தருவதாக என்னிடம் 2 லட்சம் கேட்டார். போனில் பதிவு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: எம்.எல்.ஏ.வைப் பார்த்துப் பேசுவதும், அவர் சிபாரிசுக் கடிதம் கொடுப்பதும் குற்றமல்ல. இப்படி அரசிடம் ஒருவருக்காகப் பரிந்து பேசும் ‘லாபியிங்’ தொழிலை முறைப்படுத்த இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. பணம் பேசினால் கதை வேறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 7ஏ பிரிவு, செல்வாக்கைக் காட்டிக் காரியம் முடித்துத் தருவதாகப் பணம் வாங்குபவருக்கும், வாங்க முயல்பவருக்கும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. திண்டுக்கல் லஞ்ச ஒழிப்புப் போலீஸில் புகார் கொடுங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுப்பதும் குற்றம். பதிவு இருக்கும் அந்த போனை விற்றுவிடவோ மாற்றிவிடவோ வேண்டாம்.

எம்.எல்.ஏ. விஷயம் கடினம். சபையில் ஓட்டுப் போடப் பணம் வாங்கினாலும் வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் உங்களிடம் இருப்பது ‘முடித்துக் கொடுத்தாராம்’ என்ற பேச்சு மட்டும்தான்.

ரிசார்ட்டை நிறுத்த லஞ்சத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆணை தவறு என்று காட்டினால் போதும். கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலின் கூடுதல் மாடிகளுக்கு 1994-ல் அரசு தந்த விலக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே விலக்கு குறித்த ஊழல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2000-ல் தண்டனை கிடைத்தது, 2001-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்ற வழக்கு நிற்கவில்லை, ஆனால் ரத்தான ஆணை ரத்தானதுதான்.

அதனால் உடனே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். ஆணையின் நகல், சிபாரிசுக் கடிதங்கள், அப்புறம் கோப்புக் குறிப்புகள் மூன்றையும் கேளுங்கள். கோப்புக் குறிப்புதான் உயிர். ‘விதியில் இடமில்லை’ என்று கீழே ஒருவர் எழுதியிருப்பார். அதற்கு மேலே இருப்பவர் காரணம் எழுதினாரா, வெறும் கையெழுத்து மட்டும் போட்டாரா என்று பாருங்கள். காரணமே இல்லையென்றால் உங்கள் வழக்கு பாதி வென்ற மாதிரி.

பதில் வர 30 நாள் ஆகலாம். அதுவரை தேதியோடு படம் எடுத்து வையுங்கள். வேலை வேகமாக நடந்தால் காத்திருக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவோடு (அரசு ஆணையை எதிர்த்துப் போடும் மனு) இடைக்காலத் தடையும் கேளுங்கள். கூரை போட்ட பிறகு போனால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.