உயிரியல் படிக்காத வக்கீல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மதுரையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி. ‘உயிர் அறிவியலும் சமூகமும்’ என்ற துறையில் ஆய்வு செய்யும் சட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்படி எங்கள் பேராசிரியர் சொல்கிறார். பிளஸ் டூவில் நான் வணிகவியல் குரூப். செல், மரபணு என்றாலே பயம். வீட்டில் “கிரிமினல் சீனியர் யாரிடமாவது சேருகிற வழியைப் பார்” என்கிறார்கள். எனக்கும் இது வெளிநாட்டுக்காரர்களின் சங்கதி என்றுதான் தோன்றுகிறது. என்ன சொல்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

கட்டாயம் விண்ணப்பியுங்கள். பணம் ஒரு காரணம்தான். வேறு கவலை இல்லாமல் ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் படிக்கும் வாய்ப்பு நம் சட்ட மாணவர்களுக்கு லேசில் அமைவதில்லை.

வெளிநாட்டுச் சங்கதி என்கிறீர்கள். இந்தத் துறையில் உலகமெங்கும் பாடமாகப் படிக்கிற ஒரு வழக்கு சென்னையில்தான் சூடுபிடித்தது. நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டது, அதாவது குறிப்பிட்ட காலம் தான் மட்டுமே தயாரித்து விற்கும் உரிமை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. நிறுவனத்தின் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000, 10,000 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது.

அந்தத் தீர்ப்பை எடுத்து வாசியுங்கள். முன்பே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்கு, அதன் செயல்திறன் கூடியிருந்தால்தான் காப்புரிமை என்கிறது 3(டி). நிறுவனம் காட்டியது ஒரு புதிய படிக வடிவம். இது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தூளாக நன்றாக ஓடும், கெடாமல் இருக்கும், உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேரும் என்றார்கள். முதல் மூன்றும் தயாரிக்கவும் சேமித்துவைக்கவும் உதவும், நோயைக் குணப்படுத்துவதில் அவற்றுக்கு என்ன பங்கு என்று கேட்டது நீதிமன்றம். சரி, நான்காவது? கூடுதலாகச் சேர்வதால் நோய் கூடுதலாகக் கட்டுப்படுகிறது என்பதைக் காட்டும் தரவு எதையும் நிறுவனம் வைக்கவில்லை. மருந்து உடம்பில் சேருவது வேறு, நோய் தீருவது வேறு. வேதியியல் பட்டம் இல்லாத ஒருவரும் பொறுமையாக உட்கார்ந்து படித்தால் பிடித்துவிடக்கூடிய வித்தியாசம் இது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மாதச் செலவு இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நீதிபதிகளுக்கும் உங்கள் பயம் உண்டு. அதே 2013 ஜூனில், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள இரண்டு மரபணுக்களுக்கு மிரியட் நிறுவனம் வாங்கிவைத்திருந்த காப்புரிமை பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கையான மரபணுவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கிடையாது என்று ஒன்பது பேரும் ஒருமித்துச் சொன்னார்கள். நீதிபதி ஸ்கேலியா மட்டும் தனியாக ஒரு பத்தி எழுதினார்: மூலக்கூறு உயிரியலின் நுட்பமான விவரங்களைத் தன் சொந்த அறிவைக்கொண்டு உறுதி செய்யத் தன்னால் முடியாது என்று. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்தப் பத்தியால். அப்படிப்பட்ட நீதிபதிக்கு விளங்கும்படி எடுத்துச்சொல்ல வக்கீல் வேண்டும். அவர் வணிகவியல் படித்தவராக இருந்தால் என்ன?

அப்புறம், வீட்டில் கிரிமினல் பக்கம் போகச் சொல்கிறார்களே, அங்கேயும் இதுதான் காத்திருக்கிறது. 2011-இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் நடந்த இரட்டைக் கொலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. டிஎன்ஏ மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் தாமதம். நடுவில் அவை யார் கையில், எப்படி இருந்தன என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை. இனி மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு இடத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது நீதிமன்றம். கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. சிறையில் இருந்தவருக்கு இழந்த காலம் திரும்பப் போவதில்லை. ஒரு சின்னக் குப்பியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாததன் விலையும் இதில் இருக்கிறது. அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் ‘மரபணுத் தொழில்நுட்பமும் இந்தியச் சட்டமும்’ மாதிரி பெரிய தலைப்பு வைக்காதீர்கள். யாரும் அதை முடித்ததில்லை. அந்த 48 மணி நேர விதியையே எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் இருக்கிறீர்கள், தேனி பக்கம்தான். காவல் நிலையத்தில் அந்தப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள், ராத்திரியில் எடுத்த மாதிரியை எங்கே வைக்கிறார்கள், விசாரணை நீதிமன்றத்தில் வக்கீல்கள் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்களா? இவற்றை விசாரிக்கப் போவதாக எழுதுங்கள். டிஎன்ஏ பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அதற்குள் தானாக வந்துவிடும். உயிரியல் ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

வரைவை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.