தூளியில் கைபேசி வேண்டாம், ஆயாவே பாடலாம்

காரைக்குடியிலிருந்து ஓர் ஆயா எழுதியிருக்கிறார். கருவுற்ற 33ஆம் வாரத்தில் பிறந்த அவருடைய பேத்திக்கு இப்போது நான்கு மாதம். இசை கேட்டால் மூளை வளரும் என்று யாரோ சொன்னதால், தூளியில் தலைமாட்டில் கைபேசியை வைத்து நாள் முழுவதும் வீணை இசையை ஒலிக்கவிடுகிறார். எந்த ராகம் உகந்தது என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் அந்தக் கைபேசியை எடுத்துவிடுங்கள். ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தவள் என்பதால் வளர்ச்சிக் கணக்கில் உங்கள் பேத்தி ஏறத்தாழ இரண்டரை மாதக் குழந்தைதான். காதருகே ஓயாமல் ஒலிக்கும் எதுவும், அது நல்ல இசையே ஆனாலும், அவளுக்குச் சுமை. விரல்களை விறைப்பாக விரிப்பதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அடுத்தடுத்துக் கொட்டாவி விடுவதும் 'போதும்' என்று அவள் சொல்லும் விதம். மூளை வளரும் என்ற நம்பிக்கை 1993இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. அதில் கண்ட பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை.

உறுதியான பலன் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடந்து, 2013இல் வெளியான ஆய்வில், நேரில் பாடிய தாலாட்டின்போது இதயத் துடிப்பு நிதானப்பட்டது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டாக இருந்தபோது குழந்தைகள் நன்றாகப் பால் உறிஞ்சிக் குடித்தார்கள், பெற்றோரின் பதற்றமும் தணிந்தது. ஆகவே ராகத்தைத் தேட வேண்டாம். அம்மான்மார் பெயரையும் அவர்கள் கொண்டுவரும் சீரையும் அடுக்கிப் பாடும் உங்கள் வீட்டுத் தாலாட்டே போதும்.

பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, அவள் விழித்து அமைதியாக இருக்கும்போது, நெஞ்சோடு அணைத்துப் பத்து நிமிடம் பாடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைக் கூடத்தில் குரல் எதிரொலிக்கும் என்பதால், அடுத்த அறைக்குக் கேட்காத அளவில் பாடினால் நல்லது. ஒவ்வோர் அடி முடிந்ததும் சற்று நிறுத்தி அவள் வாயைப் பாருங்கள். உதடு குவியும், சில நாளில் 'ங்ஙா' என்று பதில் வரும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. அவள் அம்மாவும் அப்பச்சியும் (அப்பாவும்) பாடட்டும், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. தூங்கிவிட்டால் தூளியில் நெடுநேரம் விடாமல், சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

செவித்திறன் பரிசோதனை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குக் கேள்விக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுதல்; கைதட்டினால் திடுக்கிடுகிறாள் என்பதை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் கண்டறிந்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை என்பதால், இதுவரை செய்யவில்லையென்றால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள்.