ரூப்ரிக் போடுவது எப்படி? ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

எதைப் பார்த்து எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் அட்டவணைதான் ரூப்ரிக். பதில் சொல்பவர் கடலூரில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியப் பயிற்றுநர்.

பண்ருட்டி ஆசிரியை: எட்டாம் வகுப்புக்கு 'தானே' புயல் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தேன் ஐயா. "மிக நன்று, நன்று, சுமார்" என்று ரூப்ரிக்கும் போட்டேன். இருந்தும் நானும் பக்கத்து வகுப்பு டீச்சரும் ஒரே நோட்டுக்கு வேறு வேறு மதிப்பெண் போடுகிறோம்.

உங்களுக்கு 'நன்று' என்பது அவருக்குச் 'சுமார்', அவ்வளவுதான். நோட்டில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கம்மா. 'காரணமும் விளைவும்' என்ற கூறை எடுத்துக்கொள்வோம்.

4: 2011 டிசம்பர் 30 புயலில் முந்திரி, பலா மரங்கள் சாய்ந்ததையும் அதனால் குடும்ப வருமானம் போனதையும் தொடர்புபடுத்தி, ஊர்ப் பெரியவரிடம் கேட்டதையோ செய்தித்தாளையோ ஆதாரம் காட்டியிருக்கிறது.
3: தொடர்பு இருக்கிறது, ஆதாரம் இல்லை.
2: சேதங்களின் பட்டியல் மட்டும்.
1: புயலின் பெயர், தேதியோடு சரி.

அப்புறம் இருவரும் ஐந்தாறு நோட்டைத் தனித்தனியே திருத்திப் பாருங்கள். மதிப்பெண் எந்தக் கூறில் இடிக்கிறதோ, அந்த வரியில்தான் கோளாறு. அதை மாற்றி எழுதுங்கள்.

வில்லியனூர் ஆசிரியர்: எத்தனை நிலை வைக்கலாம்?

நான்கு. மூன்றோ ஐந்தோ வைத்தால் நடுவில் ஒன்று இருக்கும். இரவு பத்து மணிக்குத் திருத்தும்போது கை தானாக அங்கே போகும். கூறுகளும் நான்கைத் தாண்ட வேண்டாம்.

நெய்வேலி ஆசிரியை: அலங்காரத்துக்கு மதிப்பெண் உண்டா?

ஓவிய வகுப்பென்றால் உண்டு. அறிவியல் செயல்திட்டத்தில் பத்துக்கு மூன்றை அதற்கு ஒதுக்கினால், ஸ்டேஷனரி கடைக்குத்தான் மதிப்பெண் போடுகிறீர்கள்.

பாகூர் ஆசிரியர்: சிபிஎஸ்இ அகமதிப்பீட்டில் போர்ட்ஃபோலியோவுக்கு (மாணவர் செய்த வேலைகளின் தொகுப்பு) 5 மதிப்பெண். என் ரூப்ரிக் 16-க்கு. விகிதம் போட்டுக் குறைத்தால் போதுமா?

போதாது. எல்லாவற்றிலும் 2 வாங்கிய பிள்ளைக்கு 16-க்கு 8, அதாவது இரண்டரை. அந்த வேலைக்கு அது நியாயமா? எல்லாவற்றிலும் 2 என்றால் 5-க்கு எத்தனை, 3 என்றால் எத்தனை என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் முறையே 3, 4 தருவேன்.

பரங்கிப்பேட்டை ஆசிரியை: பிள்ளைகளிடம் எப்போது காட்டுவது?

வேலையைக் கொடுக்கும் அன்றே. போன வருட நோட்டு ஒன்றைப் பெயரை மறைத்துக் கொடுத்து அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் நம்மைவிடக் கறாராகப் போடுவார்கள்!