கருத்தரங்கில் கேட்டதை நோட்டீஸில் எழுதலாமா?

கேள்வி: ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். சென்னையில் வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனிக்கு இரண்டு லோடு அனுப்பினேன். முதல் லோடு 2025 பிப்ரவரி 18, பில் 2,60,000 ரூபாய். மார்ச்சில் காரைக்குடியில் வணிகர்களுக்காக ஒரு சட்டக் கருத்தரங்கு நடந்தது. "சிறு தொழில் செய்பவருக்கு 45 நாளில் பணம் வராவிட்டால் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கேட்கலாம்" என்று ஒரு வக்கீல் பேசினார். மறுவாரமே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துவிட்டேன். ஏப்ரல் 4 தேதியிட்ட தனி ஆர்டரின் பேரில் இரண்டாவது லோடு மே 12 அன்று போய் இறங்கியது, பில் 4,10,000. பணம் வரவில்லை. என் வங்கி எனக்குப் போடும் வட்டி 11 சதவீதம் என்பதால் 33 சதவீதம் கேட்டு நானே நோட்டீஸ் அனுப்பினேன். "ஆர்டரில் 90 நாள் என்று இருக்கிறது, நீங்கள் பதிவு செய்ததே பிறகுதான், கல்லின் சாயமும் ஒத்துப்போகவில்லை, கருத்தரங்கில் கேட்டதெல்லாம் சட்டமாகாது" என்று பதில் வந்தது. சாயத்தைப் பற்றி முதலில் சொன்னதே ஜூலையில், அதுவும் போனில். ஆகஸ்டில் எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் ஒன்றரை லட்சம் அனுப்பினார்கள். கருத்தரங்கில் பேசியவர் மீது புகார் கொடுக்க முடியுமா? தொழிலாளர் சட்டம் பற்றி அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா?

பதில்: புகார் யோசனையை விட்டுவிடுங்கள். மேடையில் பொதுவாகப் பேசியவருக்கும் உங்களுக்கும் வக்கீல், கட்சிக்காரர் என்ற உறவு கிடையாது. தவிர, அவர் சொன்னது தப்பும் இல்லை, பாதி சட்டம். நானும் இப்படி மேடை ஏறுபவன்தான். முக்கால் மணி நேரத்தில் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும், பின்னால் பந்தி தயாராகிக்கொண்டிருக்கும். முதலில் வெட்டுப்படுவது விதிவிலக்குகள். உங்கள் பணமோ அந்த விதிவிலக்குகளில்தான் மாட்டியிருக்கிறது.

அவர் பேசியது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். அதன் 15ஆம் பிரிவுப்படி எழுத்தில் கெடு பேசியிருந்தால் அந்தக் கெடுவுக்குள் பணம் தர வேண்டும், ஆனால் அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒன்றும் பேசாவிட்டால் 15 நாள்தான். ஆகவே ஆர்டரில் அவர்கள் போட்ட 90 நாள் நிற்காது. மற்றச் சட்டங்களோடு முரண் வந்தால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. மே 12இலிருந்து 45 நாள் என்றால் ஜூன் 26. மறுநாளிலிருந்து வட்டி ஓடுகிறது.

வட்டி எவ்வளவு? இங்கேதான் உங்கள் காது கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. 16ஆம் பிரிவு சொல்வது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. உங்கள் கடனுக்கு வங்கி போடும் வட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த விகிதம் 5.5 சதவீதமாக இருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது 16.5. நான்கு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முதல் மாதம் 5,600 ரூபாய்ச் சொச்சம். நீங்கள் கேட்டதோ அதைப் போல இரண்டு மடங்கு. இதனால் உங்கள் உரிமை போய்விடாது. கணக்கைத் திருத்தி இன்னொரு கடிதம் அனுப்பினால் போதும்.

அடுத்தது பதிவு. இதில் எதிர்த்தரப்பு சொல்வதில் பாதி உண்மை. ஒப்பந்தம் போடும்போதே சப்ளை செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், பிறகு பதிந்துவிட்டுப் பழைய சப்ளைக்குச் சலுகை கேட்க முடியாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் அதே போக்குதான். 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு இதை மூன்று நீதிபதிகள் அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பியது. அதை நம்பி நீங்கள் பிப்ரவரி லோடுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் நல்ல காலம், இரண்டாவது லோடுக்கு ஏப்ரலில் தனி ஆர்டர் வாங்கியிருக்கிறீர்கள். பழைய ஆர்டரின் மிச்சமாக அது போயிருந்தால் இரண்டு பில்லுமே சிக்கலில் இருந்திருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

சாயப் புகார் பற்றி. ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்வது, கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அந்த வாதத்துக்கே நீங்கள் போக வேண்டியதில்லை. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஜூலையில் போனில் சொன்னது இந்தக் கெடுவை நிறுத்தாது. ஒரு விஷயம் மட்டும் பாருங்கள்: வாட்ஸ்அப்பும் எழுத்துதான். மே 27க்குள் அவர்கள் சூப்பர்வைசர் யாராவது ஒரு போட்டோ போட்டு "சாயம் வேற மாதிரி இருக்கே" என்று எழுதியிருக்கிறாரா என்று தேடிவிட்டு அப்புறம் வக்கீலிடம் போங்கள். சலானில் இறக்கிய தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

இனி அந்த ஒன்றரை லட்சம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். எந்தக் கடனுக்கு என்று கொடுத்தவர் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்து தெரியாமலும் இருந்தால், வாங்கியவர் தன் இஷ்டப்படி வரவு வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. 2006ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத பிப்ரவரி பில்லில் அதை வரவு வைத்து, வைத்ததைக் கடிதமாகத் தெரிவித்துவிடுங்கள். அந்த பில்லில் 1,10,000தான் மிஞ்சும். அதற்கு மூன்று ஆண்டுக் காலவரம்புக்குள் சாதாரண சிவில் வழக்கு போடலாம். தொகை மூன்று லட்சத்துக்குக் கீழ் என்பதால் வணிக நீதிமன்றமும் அதற்கு முந்தைய கட்டாயச் சமரசமும் குறுக்கே வராது. முழு 4,10,000உம் வட்டியோடு சிறப்புச் சட்டத்தின் கீழ் நிற்கும்.

அதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவர் இருக்கும் பகுதியின் வசதியாக்கக் கவுன்சிலே (இந்தப் பாக்கித் தகராறுகளுக்காக அதே சட்டத்தில் உள்ள அமைப்பு) மனுவை விசாரிக்கலாம். சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் மனு போடும் வழியைச் சொல்வார்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

மனு போடும் முன் அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம். வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. உங்களுக்குத் தரும் தாமத வட்டியையும் செலவில் கழிக்க முடியாது. கம்பெனி என்பதால் 45 நாள் தாண்டிய பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசுக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். உத்யம் எண்ணோடு இதை எழுதினால் முதலாளி அசையாவிட்டாலும் ஆடிட்டர் அசைவார். இந்தப் பிரிவு எண் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண்கள் வேறு. கருத்தரங்கில் வாங்கிய பழைய கையேட்டைப் பார்த்து எழுதாதீர்கள்.

உங்களைப் பார்த்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் மைத்துனரோ மச்சானோ யாராவது கிளம்பினால் நிறுத்துங்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு 2021இல் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே. தாமத வட்டிக்கு அது உதவாது.

அடுத்த கருத்தரங்குக்குத் தாராளமாகப் போங்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கின்றன, பழைய 29 சட்டங்களின் இடத்தில். ஊதியத் தொகுப்பு ஆள் எண்ணிக்கை பார்க்காமல் எல்லாருக்கும் பொருந்தும். மற்றவற்றில் பத்துப் பேர், இருபது பேர் என்று வரம்புகள் உண்டு. பேசி முடித்ததும் எழுந்து, உங்கள் பட்டறையில் கல் அடிப்பவர், தேய்ப்பவர், லோடு ஏற்றுபவர் என்று ஆள்கணக்கைச் சொல்லி, எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து, யாருக்குப் பொருந்தாது என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்டு வந்து உங்கள் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். நோட்டீஸை மட்டும் இனிமேல் நீங்களே எழுத வேண்டாம்.